மண்தெய்வமும் அதன் வழிபாடும்: கற்பனை உலகம் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கதை, நாவல், காமிக்ஸ், ரோல் பிளேயிங் விளையாட்டு என ஏதோ ஒன்றுக்காக ஒரு மிகுபுனைவு உலகைக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. நெருப்புக்கும் புயலுக்கும் தெய்வம் படைக்கும்போது எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். மண்ணின் முறை வந்ததும் பச்சை உடுத்திய ஓர் அன்னை, கையில் கதிர்க்கற்றை, முகத்தில் சாந்தம் என்று முடித்துவிடுகிறார்கள். மண்ணை உண்மையிலேயே கும்பிட்ட மக்கள் யாரும் அதை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது? பெயரா, உருவமா, சக்தியா?

மூன்றும் பிறகு. முதலில் ஒரு விலக்கை முடிவு செய்யுங்கள். உங்கள் உலகின் மக்கள் மண்ணுக்கு எதைச் செய்யக்கூடாது?

காற்றை யாராலும் காயப்படுத்த முடியாது. கடலைக் கீறினால் தடம் நிற்காது. மண்ணைத்தான் மனிதர்கள் தினமும் உழுகிறார்கள், வெட்டுகிறார்கள், சுட்டுச் செங்கல்லாக்குகிறார்கள், கடைசியில் பிணத்தையும் அதற்குள்ளேயே வைக்கிறார்கள். இத்தனையும் செய்துவிட்டு அதையே கும்பிடவும் வேண்டும். மண் வழிபாட்டின் உயிர் இந்தச் சங்கடத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். எது தடை, எதற்கு உத்தரவு கேட்க வேண்டும், கேட்காமல் செய்தவன் என்ன தண்டம் கட்ட வேண்டும் என்பது முடிவாகிவிட்டால் வழிபாட்டின் பெரும்பகுதி தானாக அமைந்துவிடும்.

ஒரு விலக்கை எடுத்துப் பார்ப்போம்: மண்ணில் இரும்பு படக்கூடாது. அப்படியானால் ஏர் முழுக்க மரம். குழி தோண்ட மான்கொம்பு. ஆழ உழ முடியாததால் விளைச்சல் குறைவு, அதனால் ஊர்கள் சிறியவை. கொல்லன் பட்டறை ஊருக்கு வெளியே வெறும் பாறைமேல் இருக்கும். கொல்லன் இல்லாமல் யாருக்கும் முடியாது, ஆனால் அவன் வீட்டில் யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். போரில் செத்தவனின் உடம்பில் அம்புமுனை தங்கியிருந்தால் அதை எடுக்காமல் புதைக்க முடியாது. அதை எடுப்பதற்கென்றே ஒரு குடும்பம் இருக்கும். எல்லையைத் தாண்டி வரும் படை வாளைத் தரையில் ஊன்றினால் அதுவே போர் அறிவிப்பு. தெய்வத்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் ஒரு பொருளாதாரமும் தீண்டாமையும் ஈமச்சடங்கும் வந்துவிட்டன.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. கி.பி. 98-ஐ ஒட்டி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதியபோது நெர்துஸ் என்ற மண்தாயைக் குறிப்பிட்டார். துணி போர்த்திய அவள் வண்டியைப் பசுக்கள் இழுத்துவரும். அவள் ஊருக்குள் இருக்கும் நாட்களில் யாரும் போருக்குப் போவதில்லை, ஆயுதம் எடுப்பதில்லை. இரும்பெல்லாம் பூட்டி வைக்கப்படும்.

மண்தெய்வம் என்றால் தாயாகத்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. எகிப்தில் மண் ஆண். கெப் கீழே படுத்திருக்கிறான். வானமாகிய நூத் அவனுக்கு மேலே வில்லாக வளைந்து நிற்கிறாள். நிலம் அதிர்ந்தால் அது கெப் சிரிப்பது. சீனாவின் தூதிகோங் நரைத்த தாடிக்காரத் தாத்தா. ஊருக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் என்று இருப்பார். அவர் அதிகாரம் அந்த எல்லைக்குள்தான். அவருக்கு மேலே நகரத் தெய்வம் என்ற மேலதிகாரியும் உண்டு. ஒரு பெரிய தெய்வத்துக்குப் பதிலாக ஆயிரம் சின்ன அதிகாரிகள் என்ற இந்த அமைப்பு கதைக்கு மிக நல்லது. பக்கத்து ஊர்த் தெய்வத்தோடு எல்லைத் தகராறு வரும், இடமாற்றம்கூட வரலாம்.

தாய்தான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், சாந்தத்தை மட்டும் உடனே சேர்க்காதீர்கள். கிரேக்கர்களின் கையாதான் தன் கணவனாகிய வானத்தை அறுக்க மகன் கையில் அரிவாளைக் கொடுத்தவள். அஸ்தெக் மக்களின் த்லால்தெகூத்லியை இரண்டு தெய்வங்கள் பாம்பாக மாறிக் கிழித்தன. அந்த உடம்பிலிருந்துதான் மரமும் பூவும் குகையும் ஊற்றும் வந்தன. அவள் இரவில் அழுவாள். இரத்தம் கிடைக்காமல் கனி தரமாட்டாள். 2006-இல் மெக்சிகோ நகரின் பெருங்கோயில் இடிபாடுகளுக்கு அருகே அவளது மாபெரும் கற்சிற்பம் கிடைத்தது. உயிர் கொடுக்கும் அதே வாயால் இறந்தவர்களை விழுங்கும் தாய் அவள். உலகமே ஒரு பழைய கொலையின் மிச்சம் என்று நம்பும் மக்கள் ஒவ்வொரு பிடி சோற்றையும் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விளைச்சல் தெய்வமும் மண்தெய்வமும் ஒன்றுதானே?

பிரித்து வைப்பது நல்லது. கிரேக்கர்களுக்குத் தானியத்தின் தெய்வம் தெமெத்தர், மண் கையா. விளைச்சல் தெய்வத்துக்குப் பருவம் உண்டு, வரும், போகும். மண் எங்கும் போவதில்லை. விளையாத பாறையும் மண்தெய்வத்தின் உடம்புதான். அங்கே வாழ்பவர்களும் அதைக் கும்பிட்டாக வேண்டும்.

பொறுமைக்குப் பெயர் போனது மண். அது கோபப்பட்டால் பொருந்துமா?

தோண்டுகிறவனையும் தாங்கிக்கொள்ளும் நிலம் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

நிலநடுக்கம் எளிய விடை. கி.மு. 268-இல் ரோமானியப் படை இத்தாலியின் பிசெந்தியர் என்ற குடியோடு போரிட்டபோது நிலம் அதிர்ந்தது. தளபதி செம்ப்ரோனியுஸ் சோபுஸ் அங்கேயே தெல்லுஸ் என்ற மண்தெய்வத்துக்குக் கோயில் எழுப்புவதாக நேர்ந்துகொண்டான். கதையின் நடுவில் இப்படி ஒரு நேர்த்திக்கடன் பிறப்பது அழகான திருப்பம். ஆனால் கோபம் என்றதும் நிலநடுக்கத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் மண்தெய்வத்துக்கும் இடிதெய்வத்துக்கும் வேறுபாடு இல்லாமல் போகும்.

மண்ணின் கோபம் மெதுவானதாக இருக்கலாம். தெற்கு மெசபடோமியாவில் பாசன நீர் ஆவியாகி வயல்களில் உப்பை விட்டுச்சென்றது. கோதுமை தாங்காத இடத்தில் உப்பைத் தாங்கும் பார்லியை விதைத்தார்கள். பாட்டன் செய்த தவறு பேரன் காலத்தில் வெள்ளைப் படலமாக வயலில் பூக்கிறது. குற்றம் செய்தவன் செத்து, அதே மண்ணில் நிம்மதியாகப் படுத்திருக்கிறான். தண்டனை தப்பு செய்யாதவன் தலையில். இப்படிப்பட்ட தெய்வம் நியாயமானதுதானா என்று உங்கள் பாத்திரங்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், மண்தெய்வத்தைப் பற்றி எழுதத்தக்க மிகச் சிறந்த விவாதம் இதுதான்.

என் உலகில் எந்த வகை நிலம் என்பது வழிபாட்டை மாற்றுமா?

முழுக்க மாற்றும். தொல்காப்பியம் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று நிலத்துக்கு நிலம் தெய்வத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. இந்த மரபில் வந்தவர்கள் கண்டம் முழுக்க ஒரே மண்தெய்வம், ஒரே மந்திரம் என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் நிலத்தை எடுங்கள். மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டே போகும்; அடியில் குகைகள், ஓடி மறையும் ஆறுகள், ஒருநாள் திடீரென்று வீட்டோடு உள்வாங்கும் பள்ளங்கள். அந்த ஊர்த் தெய்வத்துக்கு வாய் உண்டு. எங்கே திறக்கும் என்று தெரியாததால் குறி சொல்பவர்களுக்கு மதிப்பு அதிகம். தரையில் காதை வைத்துக் கேட்பது ஒரு தொழிலாகவே இருக்கும்.

ஆற்றுக் கழிமுகம் வேறு. ஒவ்வொரு வெள்ளமும் புது வண்டலைக் கொண்டுவந்து வரப்புகளை அழிக்கும். மண்ணே வெளியூரிலிருந்து வருவதால் தெய்வமும் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. வெள்ளம் வடிந்ததும் நிலம் அளந்து கல் நடுபவர்தான் பூசாரி.

வட ஐரோப்பாவின் பாசி மக்கிய சதுப்புகளில் அமிலமும் ஆக்சிஜன் இன்மையும் சேர்ந்து பிணத்தை அழுகவிடாது. 1950-இல் டென்மார்க்கில் கிடைத்த டோலுண்ட் மனிதன் செத்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், முகத்தில் தாடி முள்கூட அப்படியே இருந்தது, கழுத்தில் கயிறு. இறந்தவர்களைச் செரிக்காமல் வைத்திருக்கும் மண்ணைத் தெய்வமாகக் கொண்டவர்கள் மரணத்தை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? முன்னோர்கள் அங்கே முகத்தோடு இருக்கிறார்கள். ஒரு வழக்கில் சாட்சியாக அவர்களைத் தோண்டி எடுப்பதுகூட நடக்கலாம்.

ஒரே பேரரசுக்குள் பல நிலங்கள் இருந்தால் அவற்றை ஒரே பீடத்தில் சேர்க்கவும் வழியுண்டு. பெய்ஜிங்கில் 15-ஆம் நூற்றாண்டில் எழுந்த நிலம், தானியப் பீடத்தின் மேல் ஐந்து நிற மண் பரப்பியிருக்கிறது. கிழக்கே நீலப்பச்சை, தெற்கே சிவப்பு, மேற்கே வெள்ளை, வடக்கே கருப்பு, நடுவில் மஞ்சள். உங்கள் கதையில் ஒரு மாகாணம் கலகம் செய்து, தன் நிற மண்ணை அனுப்ப மறுத்தால் அந்த ஆண்டு பூசை நடக்காது.

மண்தெய்வத்தின் கோயில் எப்படி இருக்கும்?

வானத்தை நோக்கி உயரும் கோபுரம் ஏன் வேண்டும்? கீழே போகட்டும். எல்லோராவின் கைலாசநாதர் கோயில் 8-ஆம் நூற்றாண்டில் பாறையை மேலிருந்து கீழாக வெட்டியெடுத்தது. எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் 11 தேவாலயங்கள் அப்படித்தான் பாறைக்குள் இறங்கி நிற்கின்றன. இவை மண்தெய்வத்துக்கானவை அல்ல. ஆனால் தோண்டிய கோயிலில் நடக்கும்போது உடம்பு எப்படிச் சிறுத்துப்போகும் என்று காட்டும். மால்டாவில் 1902-இல் கண்டுபிடித்த ஹால் சாஃப்லியெனி நிலவறை மூன்று அடுக்குகளாகக் கீழே இறங்குகிறது. அது கோயிலாகவும் இடுகாடாகவும் இருந்தது.

ஆனால் முன்பு சொன்ன விலக்கை மறக்காதீர்கள். தோண்டுவதே பாவம் என்றால் தோண்டிய கோயில் எப்படி வந்தது? யார் தோண்டினார்கள், பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? இப்படி முரண்படும் இடங்களை மழுப்பாமல் எழுதுங்கள். அங்கேதான் புராணம் பிறக்கும்.

கட்டடமே இல்லாத வழிகளும் உண்டு. ரோமில் முந்துஸ் என்ற குழியை ஆகஸ்ட் 24, அக்டோபர் 5, நவம்பர் 8 என ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் திறந்தார்கள். அந்த நாட்களில் கீழுலகின் வாசல் திறந்திருக்கும், போர் தொடங்கக்கூடாது. ஒரு சாதாரண மூடியும் அதைத் திறக்கும் நாளும் போதும், கோயில் தயார்.

எனக்கு மிகப் பிடித்தது நைஜீரியாவின் ஓவெரிப் பகுதி இக்போ மக்களின் ம்பாரி. ஆலா என்ற மண்தெய்வத்துக்காக ஈரமண்ணால் ஒரு வீட்டைக் கட்டி, மனிதர்கள், விலங்குகள், தெய்வங்கள் என்று சிற்பங்களால் நிறைப்பார்கள். கட்டும் காலமெல்லாம் விரதம், ஒதுங்கி வாழ்தல். முடிந்து திறப்புவிழா ஆனதும் யாரும் அதைப் பராமரிப்பதில்லை. மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகப் போகும். கட்டுவதுதான் அங்கே பூசை. நிலைத்து நிற்கும் கோயில்களையே பார்த்துப் பழகிய ஒரு வெளியூர்ப் பாத்திரம் இதைப் பார்த்துப் பதறிச் செப்பனிடத் தொடங்கினால், அது தெய்வக்குற்றம்.

படையல் எப்படிக் கொடுப்பார்கள்?

வானத்துக்குக் கொடுப்பது புகையாக மேலே போகும், மண்ணுக்குக் கொடுப்பது கீழே போகும். சீனப் பேரரசர்கள் வானுக்குரிய பலியை எரித்தார்கள், மண்ணுக்குரியதைப் புதைத்தார்கள். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியத் காவியத்தில் போர்க்கள ஒப்பந்தத்துக்குச் சூரியனுக்கு வெள்ளைக் கிடாக்குட்டி, மண்ணுக்குக் கருப்புப் பெண்குட்டி கொண்டுவரச் சொல்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் ஆகஸ்டில் மண்தாய் பச்சமாமாவின் வாய் திறந்திருக்கிறது, அவளுக்குப் பசி என்று சொல்லிக் குழியில் கோக்கா இலையும் சோளக் கள்ளும் ஊட்டுகிறார்கள். அன்றாடமும் குடிப்பதற்கு முன் ஒரு துளியைத் தரையில் சிந்துவார்கள். லிதுவேனியாவின் மண்தெய்வம் ஜெமீனாவுக்கும் முதல் வாய் மதுவைத் தரையில் ஊற்றினார்கள். விருந்து நடக்கும் எந்தக் காட்சியிலும் இந்தச் சின்னக் கைவீச்சை நுழைக்கலாம். யார் சிந்தவில்லை என்பதை மற்றவர்கள் கவனிப்பார்கள்.

கொடுத்ததைத் திரும்ப எடுப்பதும் உண்டு. தெமெத்தருக்காகக் கிரேக்கப் பெண்கள் மட்டும் கொண்டாடிய தெஸ்மோபோரியாவில் பன்றிக்குட்டிகளைப் பள்ளத்தில் போடுவார்கள். அழுகிய மிச்சத்தைப் பெண்கள் இறங்கி எடுத்துவந்து பீடத்தில் வைப்பார்கள். அதை விதையோடு கலந்து தூவினால் நன்றாக விளையும். நாற்றம், புழு, இருட்டு எல்லாம் கலந்த புனிதம் இது. மண் வழிபாட்டில் வாசனைத் திரவியமும் வெள்ளைத் துணியும் மட்டுமே வந்தால் ஏதோ குறைகிறது.

உயிர்ப்பலி, நரபலி வைக்கலாமா?

வைக்கலாம், அதன் விலையையும் காட்ட வேண்டும். ரோமில் ஏப்ரல் 15 அன்று தெல்லுஸுக்குச் சினைப்பசுக்களைப் பலியிட்டார்கள். விதையைச் சுமந்திருக்கும் மண்ணுக்குக் கன்றைச் சுமந்திருக்கும் பசு. ஒரு விவசாயிக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்காது. அதனால்தான் அது படையல். நெர்துஸின் வண்டியை ஏரியில் கழுவிய அடிமைகளை அதே ஏரியில் மூழ்கடித்தார்கள் என்றும் டாசிட்டஸ் எழுதுகிறார். தெய்வத்தைப் பார்த்தவர்கள் உயிரோடு திரும்பக்கூடாது. படிப்பவரை மிரட்ட மட்டும் ஒரு நரபலிக் காட்சியை வைக்காதீர்கள். அந்த அடிமைகளில் ஒருவரின் கண்ணால் விழாவை எழுதிப் பாருங்கள், முழு மதமும் வேறாகத் தெரியும்.

இறந்தவர்களை என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் மண்தெய்வம் நிற்காது. எதிரெதிரான இரண்டு நம்பிக்கைகள் ஒரே பக்தியிலிருந்து பிறக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். இக்போ மரபில் முன்னோர்கள் ஆலாவின் வயிற்றில் இருக்கிறார்கள். புதைக்கப்படுவது அவளிடம் திரும்புவது. அவளுக்கு எதிராகப் பெருங்குற்றம் செய்தவர்களையும் தற்கொலை செய்துகொண்டவர்களையும் அவள் ஏற்கமாட்டாள். அவர்கள் உடல் காட்டில் எறியப்பட்டது. மண்ணில் இடம் மறுக்கப்படுவதே மிகப் பெரிய தண்டனை.

ஜரதுஷ்டிர மதத்திலும் மண் புனிதமானது. அதனாலேயே பிணத்தை அதில் வைக்கக்கூடாது. உயரமான வட்டச் சுவர்களுக்குள் உடலைக் கிடத்திப் பறவைகளுக்கு விட்டார்கள்.

இந்த இரு மக்களும் உங்கள் உலகில் ஒரே பள்ளத்தாக்கில் வாழ்ந்தால்? இருவரும் மண்ணை நேசிக்கிறார்கள். ஒருவருடைய மரியாதை மற்றவருக்கு அருவருப்பு. கலப்பு மணம் செய்த தம்பதியில் ஒருவர் இறக்கும் நாளில் உங்கள் கதை தானாகத் தொடங்கும்.

பிறப்பையும் மறக்க வேண்டாம். மாவோரி மக்கள் குழந்தையின் நஞ்சுக்கொடியைக் குடும்ப நிலத்தில் புதைக்கிறார்கள். அதன் பிறகு அந்த மண்ணை விற்பது சாதாரணக் கொடுக்கல் வாங்கலாக இருக்காது.

பூசாரி யார்? அவருக்கு எவ்வளவு அதிகாரம்?

கானாவின் வடபகுதியில் தாலென்சி மக்களிடையே தெண்டானா எனப்படும் மண்பூசாரிகள் இருக்கிறார்கள். தலைவர்கள் பின்னால் வந்து குடியேறியவர்களின் வழியினர். மண்பூசாரிகள் அதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்களின் வழியினர். ஆட்களை ஆள்வது ஒருவர், மண்ணோடு பேசுவது மற்றவர். இந்த அமைப்பை எடுத்து உங்கள் உலகில் வைத்தால் அரசியல் ஓடிக்கொண்டே இருக்கும். படையெடுத்து வென்றவன் வரி வாங்கலாம், அரண்மனை கட்டலாம். அஸ்திவாரம் தோண்ட மட்டும் தோற்றவர்களின் பூசாரி வந்து மண்ணிடம் உத்தரவு கேட்க வேண்டும். அவர் வரமாட்டேன் என்றால் என்ன செய்வான்?

பூசாரியைப் படிப்பாளியாக வைப்பது வழக்கம். கிணறு வெட்டுபவர், குயவர், வெட்டியான், மருத்துவச்சி என்று மண்ணோடும் பிறப்பு இறப்போடும் கை நனைப்பவர்களை எண்ணிப் பாருங்கள். கிரேக்கத் தலமான தொதோனாவில் இருந்த, வானத் தெய்வம் சேயுஸின் பூசாரிகள் காலைக் கழுவாமல் தரையிலேயே படுத்துறங்கினார்கள் என்று ஹோமர் சொல்கிறார். காலில் அப்பிய மண்தான் அவர்களின் காவியுடை.

அவருக்கு என்ன மந்திர சக்தி கொடுக்கலாம்?

பாறை எறிவது, சுவர் எழுப்புவது எல்லாம் சண்டைக்கு உதவும். அதோடு நிறுத்தினால் அவர் கவண்தான். கட்டுப்பாட்டிலிருந்து யோசியுங்கள். கிரேக்கக் கதையில் கையாவின் மகன் அந்தேயுஸ் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை தோற்கமாட்டான். ஹெராக்ளீஸ் அவனைத் தூக்கிப் பிடித்தே கொன்றான். உங்கள் பூசாரிக்குக் கப்பலிலும் மாடியிலும் குதிரை மேலும் சக்தி இருக்காது என்று வையுங்கள். செருப்பு போட்டால் பாதி. விளையாட்டை நடத்துபவர்களுக்கு இது நல்ல விதி: எதிரி அவரைக் கொல்லத் தேவையில்லை, மரத்தரையில் நிறுத்தினாலே போதும்.

தாக்கும் சக்தியைவிட அறியும் சக்தி மண்ணுக்குப் பொருந்தும். இங்கே யார் நடந்தார்கள், எது புதைந்திருக்கிறது, எந்த எல்லைக்கல் நகர்ந்தது. ரஷ்யக் கிராமங்களில் நிலத்தகராறு வந்தால் ஒருவர் தலையில் மண்கட்டியை வைத்துக்கொண்டு தான் சொல்லும் எல்லையின்மேல் நடப்பார்; பொய் சொன்னால் மண் அவரைத் தண்டிக்கும். உங்கள் உலகில் அந்தக் கட்டி உண்மையாகவே கனக்கத் தொடங்கலாம்.

சுரங்க நகரங்கள் இருந்தால் இந்த வழிபாடு உடைந்துவிடாதா?

உடையாது, இரண்டாகும். பொலிவியாவின் போதோசியில் மலைமேல் பச்சமாமாவைக் கும்பிடும் தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள் கொம்பு வைத்த எல் தியோ என்ற சுரங்கத் தெய்வத்துக்குச் சிகரெட்டும் கோக்கா இலையும் சாராயமும் படைக்கிறார்கள். உள்ளே இருக்கும் தாதுவும் ஆபத்தும் அவனுடையவை. வாசலில் தெய்வம் மாறுகிறது. அந்த வாசலில் ஒரு பாத்திரம் நின்று எதைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறான் என்பதை எழுதுங்கள்.

திருவிழா நாட்களை எப்படி அமைப்பது?

ஓய்வைக் கொண்டு அமையுங்கள். கானாவின் அசாந்தே மக்கள் அசாசே யா என்ற மண்தெய்வத்துக்கு வியாழக்கிழமையை விட்டுவைத்தார்கள். அன்று வயலில் கொத்து விழாது. ஒடிசாவின் ரஜ விழாவில் ஜூன் நடுவே மூன்று நாள் பூமிக்கு மாதவிலக்கு. உழவும் தோண்டலும் நிற்கும், பெண்கள் ஊஞ்சலாடுவார்கள். அதே மாதத்தில் அசாமின் காமாக்யா கோயில், இதே நம்பிக்கையில், அம்புபாசி விழாவின்போது மூன்று நாள் நடை சாத்தியிருக்கும்.

தோண்டக்கூடாத நாளில் ஒருவர் இறந்தால்? கிணற்றில் பிள்ளை விழுந்து, மண்ணை வெட்டித்தான் காப்பாற்ற வேண்டும் என்றால்? முற்றுகைக்குள் இருக்கும் நகரம் அகழியை ஆழப்படுத்த வேண்டிய இரவு அதுவாக இருந்தால்? நாள்காட்டியை நிரப்பும்போதே இப்படிப்பட்ட நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டு ஓடுகிறவர்கள் தங்கள் மண்தெய்வத்தை எப்படிக் கொண்டுபோவார்கள்?

மற்றத் தெய்வங்களைச் சிலையாகத் தூக்கிக்கொண்டு போகலாம், மண் நகராது. விவிலியத்தில் சிரியப் படைத்தளபதி நாமான் நோய் நீங்கியதும் இஸ்ரவேலின் மண்ணை இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு கேட்கிறான். தன் ஊரில் இஸ்ரவேலின் கடவுளுக்குப் பலியிட அந்த நாட்டு மண் வேண்டும் என்பது அவன் எண்ணம். அகதிகளின் மூட்டையில் ஒரு பை மண் இருக்கும். வந்த இடத்தில் அதை எங்கே கொட்டுவது என்பதில் மூத்த தலைமுறைக்கும் இளையவர்களுக்கும் பிளவு வரும். கலந்துவிட்டால் அது பழைய தெய்வமா புதியதா என்று. இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து ஒரு முழு நாவல் எழுதலாம். யாராவது எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்றும் கும்பிடப்படும் தெய்வங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

அமைப்பை எடுங்கள், பெயரையும் சடங்கையும் அப்படியே எடுக்காதீர்கள். பச்சமாமா பழங்கதை அல்ல. எக்குவடோரின் 2008 அரசியலமைப்பு அவள் பெயரைச் சொல்லி இயற்கைக்கு உரிமை தந்திருக்கிறது. ஒருவர் காலையில் கும்பிட்ட தெய்வத்தை உங்கள் கதையில் கடைசி வில்லியாக்குவது எழுத்தாளரின் சுதந்திரம் என்று வாதிடலாம், நான் செய்யமாட்டேன். "மண் ஓய்வெடுக்கும் நாள்", "கட்டிக் கரையவிடும் கோயில்" போன்ற கருக்கள் உங்கள் நிலத்தில் விழுந்து வேறாக முளைக்கட்டும்.

தெய்வம் கதைக்குள் நேரில் வந்து பேச வேண்டுமா?

பேசாமல் சாட்சி சொல்லலாம். போதிமரத்தடியில் தவத்தைக் கலைக்க வந்த மாரன் எதிர்த்தபோது புத்தர் வலக்கையால் தரையைத் தொட்டார். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் சொல்லப்படும் கதையில் மண்மகள் எழுந்து தன் கூந்தலைப் பிழிகிறாள். புத்தர் முற்பிறவிகளில் தானம் கொடுக்கும்போதெல்லாம் தாரை வார்த்த நீர் அத்தனையும் அதில் தேங்கியிருந்தது. அது வெள்ளமாகி மாரனின் படையை அடித்துப்போனது. மண்தெய்வத்தின் பேச்சு இதுபோல, வாங்கி வைத்திருந்ததைத் திருப்பித் தருவதாக இருக்கலாம்.

இவ்வளவையும் படிப்பவருக்கு எப்படி விளக்குவது?

விளக்கவே வேண்டாம். முதல் அத்தியாயங்களில் விலக்கை இரண்டு முறை, யாரும் அதைப் பற்றிப் பேசாமல், பாத்திரங்கள் கடைப்பிடிக்கட்டும். ஒருத்தி வாசலில் அரிவாளைத் திண்ணைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்காருகிறாள். ஒரு பையன் கீழே விழப்போன ஆணியைப் பாய்ந்து பிடிக்கிறான். மூன்றாவது முறை, வேண்டியவர் ஒருவர் வேறு வழியில்லாமல் அதை மீறட்டும். உடனே இடி விழ வேண்டாம், நிலம் பிளக்கவும் வேண்டாம். பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எழுதுங்கள். புராணம், பூசாரிகளின் வரிசை, தெய்வத்தின் வம்சாவளி எல்லாம் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஊர்க்காரர்கள் வாதாடும்போது அவற்றில் தேவையானது மட்டும் அவர்கள் வாயில் வரும்.